மேஜைமேல் ஒரு தண்ணீர் விமானம்

யுத்த விமானங்களின் சிறிய உருவங்களைச் செய்து அலமாரியில் அடுக்கி மகிழ்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த வரிசையில் குண்டு போடாத விமானம் ஒன்றையும் நாம் சேர்க்க விரும்புகிறோம். அது போடுவதெல்லாம் தண்ணீர்தான்.

கானடா தேசத்தில் உருவான அந்த விமானத்தின் பெயர் ஸி.எல்.-415. அதன் மூத்த சகோதரனாகிய ஸி.எல்.-215 முதன் முதலாக 1967-ல் பறந்தது. இளையது 1993-ல் பறந்தது. பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் முதலிய நாடுகளில் கோடையில் காடு பற்றி எரியும்போது, கிராமத்து ஜனங்கள் இதன் மஞ்சள் நிறத்தைத்தான் வானத்தில் தேடுகிறார்கள்.

பிரான்ஸ் தேசத்து ஹெல்லர் கம்பெனியார் இதை 72-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து விற்றிருக்கிறார்கள். துண்டுகளைக் கத்தியால் நறுக்கி, உப்புக் காகிதத்தால் தேய்த்து ஒட்டுகையில் இதன் லட்சணம் ஒவ்வொன்றாகப் புலப்படுகிறது. அடிப்பாகம் படகு, மேலே நீண்ட ஒற்றை இறக்கை, அதன் இரு முனைகளிலும் மிதவைகள். மூக்கினுள் கொஞ்சம் ஈயம் வைத்து ஒட்டுவது நலம். இல்லாவிடில் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடக் கூடும். மஞ்சள் வர்ணமோ பொல்லாதது. அடியில் வெள்ளை பூசி உலர்த்தாமல் பூசினால், கீழுள்ள கறைகளையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.

வேலை முடிந்தபின், ஓர் அளவுகோலை எடுத்துக் கொள்வோம். இறக்கை சுமார் பதினாறு அங்குலம். ஆறடி உயரமுள்ள விமானி ஓர் அங்குலம். அறுபதடி மரம் பத்து அங்குலம். உண்மை விமானம் தண்ணீரைக் கொட்டுவதற்குச் சுமார் 100 அடி உயரத்துக்குத் தாழ்ந்து வருகிறது. நமது கணக்கில் அது பதினேழு அங்குலத்துக்கும் குறைவு. அதாவது, தன் இறக்கையின் அகலமே உள்ள உயரத்தில், புகையினூடே, மரங்களின் தலைமேல் அது பறக்க வேண்டும்! 2023 ஜூலையில் கிரீஸின் எவியா தீவில் ஒரு ஸி.எல்.-215 இவ்வாறு தீயணைக்கையில் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய இருவரும் உயிர் துறந்தனர். மேஜைமேல் மாதிரியையும் மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அவர்கள் துணிந்து ஏற்ற அபாயம் இன்னதென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏரியின்மீது உராய்ந்து ஓடியபடியே, பன்னிரண்டு விநாடியில் 6,137 லிட்டர் தண்ணீரை இந்த விமானம் மொண்டு கொள்கிறது. கேட்டால் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் நீளம் 72-ல் ஒரு பங்கானால், கொள்ளளவு 3,73,248-ல் ஒரு பங்காகிவிடும். ஆகவே நமது சிறு விமானத்துக்கு உரிய தண்ணீர் மூன்று தேக்கரண்டிதான். ஒரு மைல் நீளத்துக்கு எரியும் தீயோ அதே கணக்கில் 73 அடி. கூடத்தையும் திண்ணையையும் தாண்டி வீதிக்குப் போய்விடும்.

மூன்று கரண்டித் தண்ணீரால் அந்தத் தீ அவிந்துவிடாது. அதன் வேகம் சற்றுத் தணியும். தரையில் நின்று போராடுகிறவர்கள் நெருங்குவதற்குச் சிறிது அவகாசம் கிடைக்கும். அந்தச் சிறிது அவகாசத்துக்காகத்தான் விமானி மறுபடியும் ஏரிக்குத் திரும்புகிறான், பொழுது சாயும் வரையில்.