ஊமை அணுக்களின் ஊர்க்கூட்டம்

பாலவாக்கம் போன்ற மீனவர் குப்பங்களில் கரைவலை இழுக்க ஒருவர் குரல் கொடுத்தால் பலர் ஓடிவந்து கைகொடுப்பதை நாம் அறிவோம். வாயே இல்லாத உயிர்கள் எவ்வாறு ஒன்றுகூடும்? மண்ணில் வாழும் சளிப்பூஞ்சை இதற்கு விடை கூறுகிறது.

பாக்டீரியாக்கள் இரையாகக் கிடைக்கும்வரை இதன் அணுக்கள் தனித்தனியே திரிகின்றன. இரை ஒழிந்ததும், பசித்த அணுவொன்று ஓர் இரசாயனப் பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த அண்டை அணு அத்திசையில் நகர்வதோடு, தானும் அப்பொருளையே வெளியிட்டுச் செய்தியை அப்பால் அனுப்புகிறது. சில நிமிஷங்களுக்கொருமுறை அழைப்பு அலையலையாகப் பரவ, ஆயிரக்கணக்கான அணுக்கள் திரள்கின்றன. இவ்வகையில் ஓரினத்தின் அழைப்புப் பொருள் ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்று 1967-இல் தெரியவந்தது.

அவ்வினத்தில், கூடியவற்றுள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உயிர்நீத்துக் காம்பாகிறது. எஞ்சியவை அதன் உச்சியில் வித்தணுக்களாகிப் பிழைக்கின்றன. இஃது உற்றார்க்காகச் செய்யும் தியாகமோ? நமது முதுமலைக் காட்டின் மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் கிடைத்த சளிப்பூஞ்சைகளைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையாவும் குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரே காம்பும் வித்துமாய் நின்றவற்றுள்ளும் பல வம்சத்து அணுக்கள் கலந்திருந்ததை 2010-இல் வெளியிட்டனர்.

வலை இழுத்தவர் அனைவருக்கும் மீனில் பங்குண்டு. காம்பானவற்றுக்கோ பங்கேதும் இல்லை. குலம் பாராமல் கூடுவது பெரிது. ஆனால், கூடியபின் காம்பாகிறவர் யார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.