பள்ளத்துக்குப் பொறுப்பு யார்?

செல்லூரில் மூடாத பள்ளத்தில் பைக்கை விட்டு நம்ம கிளாஸ் பையன் காலை ஒடித்துக்கொண்டான். டீக்கடையில் எல்லாரும் சொன்னது, "ஸ்பீடா வந்திருப்பான்!"

சட்டம் ஓட்டுபவனை மட்டும் பார்ப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மத்திய அரசு வகுத்த தரப்படி சாலையை அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகார அமைப்பு, காண்ட்ராக்டர், ஆலோசகர் யாராயினும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பழுது முன்பே தெரியுமா, உடனே சரிசெய்ய முடியாவிட்டால் எச்சரிக்கைப் பலகையாவது வைத்தார்களா என்றும் கோர்ட் கேட்கும்.

டிப்ளமோ முடித்து நாளைக்கு சைட்டில் நிற்கப்போவது நாம்தான். பலகை வைக்காமல் வீட்டுக்குக் கிளம்பலாமா?