ஆகஸ்ட் 16-இல் அப்படி என்ன இருக்கிறது?

பத்திரிகைகளில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். ஆகஸ்ட் 16-ஐ எடுத்துக்கொண்டு, மேற்கத்தியப் பாட்டுலகுக்கு மட்டும் அப்படியொரு கட்டம் போட்டால் இப்படி வரும்: 1938-இல் புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் மரணம். 1958-இல் மடோனா பிறப்பு. 1962-இல் பீட்டில்ஸ் குழுவிலிருந்து டிரம்ஸ்காரர் பீட் பெஸ்ட் நீக்கம். 1969-இல் உட்ஸ்டாக் விழாவின் இரண்டாம் நாள். 1977-இல் எல்விஸ் பிரெஸ்லி மரணம். 2018-இல் அரீதா ஃப்ராங்க்ளின் மரணம்.

இதைப் படித்ததும் "அந்தத் தேதியிலேயே ஏதோ இருக்குப்பா" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். ராக் அண்ட் ரோலின் ராஜா என்று ஊர் கொண்டாடியவரும், சோல் இசையின் ராணி என்று கொண்டாடியவரும் 41 வருட இடைவெளியில் ஒரே தேதியில் போனால் அப்படித்தான் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு தோன்றாது. ஓர் அறையில் 23 பேர் உட்கார்ந்திருந்தால், அதில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. 23 பேர்தானே என்று நினைக்கிறோம்; ஆனால் அவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 253 ஜோடிகள். பாட்டில் பெயர் எடுத்தவர்களோ ஆயிரக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், இறந்த நாள், முதல் ரெக்கார்டு வந்த நாள், குழு உடைந்த நாள் என்று எத்தனையோ. அத்தனையையும் போட்டு அடைக்க இருப்பது பிப்ரவரி 29-ஐச் சேர்த்தே 366 இடங்கள். எந்தத் தேதியைத் தொட்டாலும் நாலு பேர் கிடைப்பார்கள். டிசம்பர் 8-இல் ஜிம் மாரிசன் பிறந்தார் (1943), ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார் (1980). ஜனவரி 8-இல் எல்விஸும் (1935) டேவிட் போவியும் (1947) பிறந்தார்கள்.

ஆக, தேதியை விட்டுவிடலாம். எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. இந்தக் கட்டத்துக்குள் தற்செயலாக வந்து விழுந்தவர்களில் மூன்று பேருக்கு நடுவே தேதி சொல்லாத உறவு ஒன்று இருக்கிறது.

ராபர்ட் ஜான்சனிடமிருந்து தொடங்குவோம். மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின இளைஞர். ஊர் ஊராகப் போய், பருத்திக் காட்டுக் கூலிகள் சனிக்கிழமை இரவு கூடும் சாராயக் கடைகளில் கிதார் வாசித்துப் பாடியவர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் ரெக்கார்டுக்குப் பாடினார். அவ்வளவுதான். மொத்தம் 29 பாட்டுகள். 1938 ஆகஸ்ட் 16 அன்று கிரீன்வுட் என்ற ஊரருகே இறந்தபோது வயது 27. பெண் விவகாரத்தில் விஸ்கியில் விஷம் வைத்துவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அவருடைய இறப்புச் சான்றிதழே முப்பது வருடம் கழித்து, 1968-இல்தான், கேல் டீன் வார்ட்லோ என்ற ஆராய்ச்சியாளர் கையில் கிடைத்தது. இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'டாக்டர் இல்லை' என்று எழுதியிருந்தது.

நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று அந்தக் கிதார் வித்தையை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கதை. ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில் அகப்பட்டது ஐக் சிம்மர்மன் என்ற வாத்தியார். வேலை முடிந்தபின் சீடனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்தாராம். அங்கே வாசித்தால் யாரும் சத்தம் போடாதே என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா.

இங்கேதான் ஜான் ஹேமண்ட் வருகிறார். நியூயார்க்கின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பின இசைமேல் பைத்தியம். 1938 டிசம்பர் 23 அன்று, இன்றும் பெரிய கௌரவமாகக் கருதப்படும் கார்னகி ஹாலில், கறுப்பின இசையின் வரலாற்றையே மேடையேற்ற ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். அதற்கு ராபர்ட் ஜான்சனைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். ஆள் இல்லை என்று செய்தி வந்தது. பதிலுக்குப் பிக் பில் புரூன்சி பாடினார். ஆனாலும் ஹேமண்டுக்கு மனம் கேட்கவில்லை. ஜான்சனின் இரண்டு ரெக்கார்டுகளை மேடையிலேயே போட்டுக் கேட்க வைத்தார். உயிரோடு இருந்திருந்தால் அந்த மேடைக்குப் பிறகு அவர் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு அந்த நாலு மாத இடைவெளிதான் உறுத்துகிறது.

அதே ஹேமண்ட் 1960-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை ஒப்பந்தம் செய்தார். அவர்தான் அரீதா ஃப்ராங்க்ளின். அடுத்த வருடம், 1961-இல், ராபர்ட் ஜான்சனின் பழைய பாட்டுகளைத் திரட்டி ஒரு எல்பி இசைத்தட்டாகக் கொலம்பியா கொண்டுவந்ததிலும் ஹேமண்டின் கை இருந்தது. அந்தத் தட்டு கடல் கடந்து இங்கிலாந்து போனது. முதன்முறை அதைக் கேட்ட ராக் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கிற இன்னொருவர் யார் என்று கேட்டாராம். இன்னொருவர் யாரும் இல்லை. எரிக் கிளாப்டன் போன்றவர்களுக்கும் அந்தத் தட்டுதான் பாடப்புத்தகம்.

அரீதாவின் வேரும் அதே மண்தான். அப்பா சி.எல். ஃப்ராங்க்ளின் பிறந்த சன்ஃபிளவர் கவுன்டி, ஜான்சன் இறந்த கிரீன்வுட்டுக்குப் பக்கத்துக் கவுன்டி. அவர் போதகராகி மெம்ஃபிஸ் போனார். அங்கே 1942-இல் அரீதா பிறந்தார். குடும்பம் பிறகு டெட்ராய்ட்டில் நிலைத்தது. வயல் வேலையும் நிறவெறியும் வாட்டிய தெற்கிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்கு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் நடந்த தடம் இது. புளூஸும் கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டும் அவர்களுடனேயே போயின. கொலம்பியாவில் ஆறு வருடம் அரீதாவுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. மெருகான ஜாஸ், மேடைநாடகப் பாட்டு என்று எதையெதையோ பாடவைத்தார்கள். 1966 இறுதியில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறியதும், பியானோவில் உட்கார்ந்து தேவாலயத்தில் பாடியதுபோலவே பாடவிட்டார்கள். ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' 1967-இல் அரீதாவின் பாட்டாகவே ஆகிப்போனது.

எல்விஸ் அதே மிசிசிப்பியின் டுபெலோவில் பிறந்த ஏழை வெள்ளைக்காரப் பையன். 13 வயதில் அவர் குடும்பமும் மெம்ஃபிஸ் வந்தது. 1954 ஜூலையில் சன் ஸ்டுடியோவில் அவர் பாடிப் பெயர் வாங்கிய முதல் பாட்டு, ஆர்தர் குருடப் என்ற மிசிசிப்பி புளூஸ்காரருடையது. குருடப்புக்குச் சேர வேண்டிய ராயல்டி கடைசிவரை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1977 ஆகஸ்ட் 16 அன்று இரவு எல்விஸ் அடுத்த சுற்றுப்பயணத்துக்கு விமானம் ஏற வேண்டியது; மதியமே கிரேஸ்லாந்து வீட்டில் பிணமாகக் கிடந்தார். வயது 42. இதயக் கோளாறு என்றார்கள்; அவர் விழுங்கிவந்த மாத்திரைகளைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்த மரணத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

மடோனாவும் டெட்ராய்ட்டைச் சுற்றி வளர்ந்தவர்தான். தன் அறுபதாவது பிறந்தநாளில் அரீதா இறக்க, நாலு நாள் கழித்து எம்டிவி விருது மேடையில் அவருக்காகப் பேசப் போய், பெரும்பாலும் தன் கதையையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மிச்சம் இருப்பது பீட் பெஸ்ட். கட்டத்தில் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகிற வரி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். 1962 ஜூனில் லண்டனில் நடந்த ஒலிப்பதிவின்போது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவருடைய டிரம்ஸ் பிடிக்கவில்லை. ரெக்கார்டுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும்தான் சொன்னார். குழுவை விட்டே அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும். ஆனால் ஆகஸ்ட் 16 காலை அதைச் சொல்லும் வேலை மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் தலையில் விழுந்தது. மூவரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. இரண்டு வருடம் ஒன்றாகச் சுற்றியவர்கள்! அன்று இரவு செஸ்டர் நகரில் கச்சேரி. அதற்கு வந்து வாசிக்கச் சொல்லியும் பீட் போகவில்லை. பிறகு அவர் இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வந்து சேர்ந்தார். ரசிகர்கள் பீட் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள்; ஹாரிசனுக்குக் கண்ணில் குத்து விழுந்தது. இத்தனைக்கும் செப்டம்பரில் மார்ட்டின் ரிங்கோவையும் நம்பாமல் ஆண்டி ஒயிட் என்ற வாடகை டிரம்ஸ்காரரை அழைத்துவந்தார்.

பீட் பெஸ்ட் பிறகு லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருடம்போல வேலை பார்த்தார். 1995-இல் பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பதிவுகள் 'ஆன்தாலஜி' என்று வெளிவந்தபோது, அவர் வாசித்த பாட்டுகளும் அதில் இருந்ததால் நல்ல தொகை கைக்கு வந்தது. அந்த ஆல்பத்தின் அட்டையில் ஒரு பழைய புகைப்படம் உண்டு. அதில் பீட்டின் தலை இருந்த இடத்தைக் கிழித்து, அடியிலிருந்து ரிங்கோவின் முகம் தெரிவதுபோல் வடிவமைத்திருந்தார்கள். 2008-இல் பீட் பெஸ்டின் சொந்தக் குழு ஓர் ஆல்பம் போட்டது. அதன் அட்டைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, அங்கே கிழிந்துபோன அந்தத் துண்டை.