எழும்பூரில் பாதி, ஈஞ்சம்பாக்கத்தில் மீதி

சென்னையில் சிற்பம் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். காலையில் அங்கே தொடங்குங்கள். பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமம் வரை போய்வாருங்கள். அன்றைக்குத்தான் பார்த்தது முழுமையாகும்.

எழும்பூரின் செப்புத் திருமேனிகளில் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பவர் 11ஆம் நூற்றாண்டின் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். ஆண் பாகத்தில் இரண்டு கைகள், பெண் பாகத்தில் ஒன்று. ஆனாலும் குறையேதும் தெரிவதில்லை. இடுப்பின் ஒசிவு இரண்டு பக்கங்களையும் சமன்செய்துவிடுகிறது. இத்தகைய திருமேனிக்கு முதலில் மெழுகில் உருவம் வடித்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை; ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை பிறந்தது. கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருக்கும் மேனியை இங்கே முதுகுவரை சுற்றிவந்து பார்க்கலாம். யார் கண்ணிலும் படாத முதுகையும் அந்தச் சிற்பி அதே அக்கறையோடு செய்திருக்கிறார்.

ஈஞ்சம்பாக்கத்தில் காட்சி அடியோடு மாறுகிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், 1966இல் கலைஞர்களே உருவாக்கிய குடியிருப்பு இது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் மட்டும் சோறு போடாது என்று அறிந்திருந்தும் ஓவியத்தைக் கைவிட மறுத்தவர்கள் அவர்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்து போன்ற கிறுக்கல்களும் ஜாதகக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். படித்துப் பொருள் காண முயலாமல், கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.

இந்தக் கிராமத்துக் கலைஞர்களான பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களில் வார்ப்பு இல்லை. செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, பற்றவைத்த உருவங்கள். நேர்முகமாக நிற்கும் அவற்றைக் கண்டதும் மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வருகிறது. எழும்பூரில் முப்பரிமாணமாய்த் திரண்ட உலோகம் இங்கே தகடாகவும் கோடாகவும் மெலிகிறது. வடிவம் வேறு, வம்சம் ஒன்று.

ஓவியக் கல்லூரி பிறந்தது 1850இல், அருங்காட்சியகம் 1851இல். இந்த இரண்டில் ஒன்று பழையதைக் காத்தது. மற்றொன்று புதியதைச் செய்யும் கைகளைப் பழக்கியது. நம் பெருமை சோழரோடு நின்றுவிட்டதாகப் பிள்ளைகள் எண்ணி வளரக் கூடாது. எழும்பூருக்கு வரும் பள்ளிப் பேருந்துகள் ஈஞ்சம்பாக்கத்துக்கும் போகட்டும்.