விழும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், குழந்தையின் கடைவாய்ப் பல்லில் கரும்புள்ளி தோன்றினால், ஊரிலுள்ள பாட்டி தொலைபேசியில் கூறும் தேறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: “பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும்.” முன்பற்களுக்கு இது ஓரளவு பொருந்தும், அவை 6, 7 வயதில் விழத் தொடங்குகின்றன. கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லை வைத்துக்கொண்டு குழந்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் உண்டாக வேண்டுமே!

தமிழில் நாம் ‘பூச்சிப்பல்’ என்கிறோம். இந்தி பேசும் அண்டை வீட்டாரும் ‘கீடா’ என்றே சொல்கின்றனர். இரு மொழியினரும் ஒரே பிழையைச் செய்கிறோம். பல்லில் பூச்சி ஏதுமில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்க, அது பல்லை அரிக்கிறது. ஆதலின் கண்டங்கத்திரி விதைப் புகையால் சொத்தை அகலாது. பால் பல்லின் எனாமல் மெல்லியது. அரிப்பு விரைவில் உள்ளிருக்கும் நரம்பை எட்டிவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு இத்தீங்கு மிகுதி.

ஈற்றோரம் சுண்ணாம்புபோல் வெண்மை படரும் நிலையிலேயே கண்டுகொண்டால், ஃபுளோரைடு பூச்சும் ஒழுங்கான துலக்கலும் பெரும்பாலும் போதும். சிறு குழியை அடைத்துவிடலாம். துளையிடும் கருவியைக் கண்டு அலறும் குழந்தைக்கு, வெள்ளியும் ஃபுளோரைடும் சேர்ந்த மருந்துநீரைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்துவதும் உண்டு. சொத்தைப் பகுதி அதன்பின் கறுத்தே நிற்கும். மருத்துவர் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று பெற்றோர் சினங்கொள்ள வேண்டா. பெரிய சொத்தையாயின் எவர்சில்வர் உறை மாட்டுவர். நரம்பின் மேற்பகுதி மட்டும் பழுதுபட்டிருப்பின், அதை நீக்கி மருந்திட்டு உறையிடுவர்.

பிடுங்குவது கடைசி வழி. ஏறத்தாழ 6 வயதில், எப்பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. இதையும் பால் பல் என்றெண்ணி அசட்டை செய்வோர் பலர். முன்னிருக்கும் பால் பல் காலத்துக்கு முன் போய்விட்டால், இப்புதுப் பல் முன்னோக்கி நகர்ந்து, கீழிருந்து வரவேண்டிய பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பிடுங்கியே தீரவேண்டுமெனில், இடத்தைக் காக்கும் கம்பி வளையம் தேவையா என்று கேட்டறிக.

துலக்குவதற்கு ஃபுளோரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசி மணியளவும், பின்னர் பட்டாணியளவும் போதும். இராசத்தானம் போன்ற மாநிலங்களின் சில பகுதிகளில் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி; அங்கு வாழ்வோர் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க. ஆஸ்பிரின் மாத்திரையைச் சொத்தையில் அடக்கி வைக்கும் பழக்கம் வேண்டா. ஈறு வெந்துவிடும், குழந்தைக்கு அம்மருந்தே ஆகாது. அயல்மொழி மருத்துவரிடம் நோயை விவரிக்கத் தயங்கும் தாய்மார், ஒன்றை மட்டும் அவர் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டு போகலாம்: வலி உண்ணும்போது மட்டும் வருகிறதா, இரவில் தானாகவே குழந்தையை எழுப்புகிறதா? பின்னதாயின், சொத்தை நரம்பைத் தொட்டிருக்கக்கூடும் என்று அவர் உணர்ந்துகொள்வார்.