செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் ஒரு பல்பைத் தொட்டுப் பாருங்கள்

நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் இருப்பது கோட்டாறில். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு விடியற்காலை ரயிலில் வந்து இறங்குபவர், தூசு படிந்து நிற்கும் தன் பைக்கில் சாவியைத் திருகி செல்ஃப் பொத்தானை அழுத்துகிறார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி. ஒரு சத்தமும் இல்லை. 'பேட்டரி போச்சு' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார். புது பேட்டரி போட்ட பிறகும் வண்டி அப்படியே நிற்கும்போதுதான் கோளாறு வேறெங்கோ என்பது தெரியும்.

அந்தக் கோளாறு பல வண்டிகளில் கிளட்ச் லீவருக்கு அடியில், விரல் நுனி அளவுள்ள ஒரு சுவிட்சில் இருக்கிறது. அல்லது அதற்குப் போகும் வயரில். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எந்த வரிசையில் பார்ப்பது என்பது தெரிந்தால் போதும்.

மடையும் வாய்க்காலும்

செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுழற்றும் அந்த நொடியில் பல பத்து ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். கைப்பிடியில் இருக்கும் சின்னப் பொத்தான் அதைத் தாங்காது. அதனால் இரண்டு பாதைகள் உண்டு. பேட்டரியிலிருந்து ரிலே வழியாக மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் ஒன்று. ரிலேயை இயக்க மட்டும் சில ஆம்பியர் கொண்டுபோகும் மெல்லிய வயர் மற்றொன்று. நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மடையைத் திறப்பது ஒரு ஆளின் கை. பாய்வது வாய்க்கால் முழுவதன் தண்ணீர். ரிலேதான் அந்த மடை.

மெல்லிய வயர் ஃபியூஸ், சாவி சுவிட்ச், செல்ஃப் பொத்தான் என்று போகிறது. பல வண்டிகளில் நடுவே கில் சுவிட்சும் உண்டு. ரிலேயைத் தாண்டி அது எர்த்துக்குப் போகும் இடத்தில்தான் பாதுகாப்பு சுவிட்சுகள் காவல் நிற்கின்றன. வண்டி நியூட்ரலில் இருந்தால் நியூட்ரல் சுவிட்ச் வழிவிடும். கியரில் இருந்தால் கிளட்சைப் பிடித்தால்தான் கிளட்ச் சுவிட்ச் வழிவிடும். சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் இந்தச் சங்கிலியில் சேரும். சில மாடல்களில் இந்த சுவிட்சுகள் ரிலேக்கு முன்னாலேயே இருக்கும். வண்டிக்குரிய வயரிங் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காதால் கேட்டே பாதி தெரியும்

பொத்தானை அழுத்தும்போது என்ன கேட்கிறது?

* 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி பலவீனம், அல்லது அதன் டெர்மினல் லூஸ். ரிலே ஒட்டுகிறது, வோல்ட் விழுகிறது, ரிலே விடுகிறது.
* ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் ரிலே வரை மின்சாரம் வந்துவிட்டது. ரிலேயின் உள் பாயின்ட், தடித்த கேபிள், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* மோட்டார் சுற்றும் சத்தம் வந்து இன்ஜின் சுற்றவில்லை என்றால் அது வயரிங் கோளாறு அல்ல. பெரும்பாலும் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஒன்வே கிளட்ச்.
* எந்தச் சத்தமும் இல்லையா? ஹாரன் கணீரென்று அடித்தும் இப்படியென்றால், மெல்லிய பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது.

கிக்கரும் உள்ள வண்டியென்றால் அது இன்னொரு சாட்சி. கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃபில் ஆகவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பேட்டரிக்கு ஒரு நிமிடம்

மல்டிமீட்டர் இருந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12 வோல்ட்டை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய காலி. மோட்டார் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி ஓய்ந்துவருகிறது என்று பொருள்.

மின்சாரத்தில் கிளம்பும் பைக்கின் வரலாறே பேட்டரித் தொல்லையோடுதான் தொடங்கியது. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914இல் செல்ஃப் ஸ்டார்ட்டோடு ஹெண்டி ஸ்பெஷல் என்ற பைக்கைக் கொண்டுவந்தது. அன்றைய பேட்டரிகள் தாங்காததால் அந்த முயற்சி நீடிக்கவில்லை. இன்றைய பேட்டரி எவ்வளவோ தேறிவிட்டது. அதனால்தான் எடுத்த எடுப்பில் அதன்மேல் பழிபோடக் கூடாது.

பல்பு காட்டும் வழி

12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதற்கு இரண்டு வயர். இதுதான் டெஸ்ட் லைட். வண்டியை நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பொருத்தி, மறுமுனையால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், பொத்தான், ரிலேயின் மெல்லிய வயர் என்று வரிசையாகத் தொட்டு வாருங்கள். பொத்தானைத் தாண்டிய இடங்களில் அதை அழுத்திக்கொண்டு தொட வேண்டும். எங்கே எரியவில்லையோ, அதற்கும் கடைசியாக எரிந்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

ரிலே வரை எரிந்தால் பழுது பெரும்பாலும் எர்த் பக்கம். இப்போது பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றுங்கள். கிளட்ச் சுவிட்சிலிருந்து ரிலேக்குப் போகும் வயரை அதன் கப்ளரில் கழற்றி, சுவிட்ச் பக்கத்து முனையைத் தொடுங்கள். லீவரைப் பிடித்ததும் பல்பு எரிய வேண்டும். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் எர்த் வயர் பச்சை; யமஹாவில் கருப்பு. நிறத்தை வைத்து ஊகிக்காமல் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இங்கே மீட்டரைவிட பல்பு நம்பகமானது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

கருவியே இல்லாமல் இன்னும் மூன்று சோதனைகள் செய்யலாம். நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தும் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் சுவிட்ச். கிளட்ச் பிடித்தால்தான் எடுக்கிறது, நியூட்ரல் விளக்கும் எரியவில்லை என்றால் நியூட்ரல் சுவிட்ச் அல்லது அதன் வயர். கியரில் இருக்கும்போது கிளட்சைப் பிடித்ததும் நியூட்ரல் விளக்கு எரிந்தால், இரண்டு பாதைகளையும் பிரித்து வைக்கும் டையோடு பழுது.

நம் ஊர்க் காற்றும் களிம்பும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடலும் தொலைவில் இல்லை. குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் ஏறும் அதே பச்சைக் களிம்புதான் கப்ளருக்குள் இருக்கும் பித்தளை முனைகளிலும் ஏறுகிறது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3 அன்று நிறைவடையும். திருவிழாவை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழை நாட்களுக்கு முன் கப்ளர்களைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் பல கோளாறுகள் வராமலே போகும்.

நியூட்ரல் சுவிட்ச் செயின் பக்கம் இருக்கும் வண்டிகளில் ஆயிலும் சேறும் அதை மூடிவிடும். ஹேண்டில் கழுத்தில் வயர் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். பொத்தானை அழுத்தியபடி ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் செல்ஃப் எடுத்தால் அறுந்த இடம் அதுதான்.

'டைரக்ட்' வேண்டாம்

நேரமில்லாதபோது கிளட்ச் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி 'டைரக்ட்' செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. செல்ஃப் உடனே எடுக்கும். ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டி கியரில் இருந்தாலும், கிளட்ச் பிடிக்காவிட்டாலும் பொத்தானுக்குக் கட்டுப்படும். மார்க்கெட் ரோட்டில் சாவியை எடுக்காமல் ஆனிலேயே விட்டு, கியரில் நிறுத்திய வண்டியில் ஒரு குழந்தை விளையாட்டாக அழுத்தினால் வண்டி முன்னே பாயும். கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் சேர்த்துப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் இதே தவறுதான். அதற்கு விலையாக வயரிங் முழுவதும் எரியலாம்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கட்டும். முதல் கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல் பொத்தானை அழுத்துங்கள். வண்டி அசையாமல், சத்தமில்லாமல் நின்றால்தான் பழுது பார்த்து முடிந்தது என்று சாவியை எடுக்கலாம்.