கால்குலேட்டர் விற்ற காசில் கம்ப்யூட்டர்

"புதுத்தொழில் தொடங்க முதலுக்கு எங்கே போவது?" என்று நம் கடைவீதிப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு வரலாறு உண்டு.

திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்தில் 1945-ல் பிறந்தவர் சிவ நாடார். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல் படித்து, டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் கால்குலேட்டர் தொழிலில் வேலை பார்த்தார். அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு நண்பர்களோடு தனித்தொழிலில் இறங்கினார். போட்ட முதல் சுமார் ரூ.1,87,000.

கம்ப்யூட்டர் தயாரிப்பதே குறிக்கோள். அதற்கு இந்த முதல் எந்த மூலைக்கு? ஆகவே, தெரிந்த சரக்கான கால்குலேட்டரை 'மைக்ரோகாம்ப்' என்ற பெயரில் முதலில் விற்றார்கள். அந்த வருமானமே அடுத்த தொழிலுக்கு முதலாயிற்று. 1976-ல் உத்தரப்பிரதேச அரசும் பங்கு சேர, எச்.சி.எல். பிறந்தது. 1978-ல் அவர்களுடைய கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. சரக்கு தயாராக இருந்தவருக்கு வாய்ப்பு கைகூடியது. பொறியாளர் பெருமுதலாளி ஆனார். 2020-ல்தான் எச்.சி.எல். டெக்னாலஜீஸ் தலைவர் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்தார்.

ஒரத்தநாட்டில் அறுவடை முடிந்து கடன் பாக்கி வசூலாகும்போது, கல்லாவில் விழுவதெல்லாம் லாபம் என்று எண்ணிச் செலவழித்து விடுகிறோம். கொள்முதல் போக மிஞ்சுவதே லாபம். அதிலும் ஒரு பங்கைப் புதுச்சரக்குக்கு ஒதுக்குங்கள். இன்றைய சில்லறைதான் பிள்ளைகளின் நாளைய முதல்.